முகவரிப் புத்தகம் காணவில்லை என்றால் கணினியை ஃபார்மட் செய்யாதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது அழைப்பு. சத்துவாச்சாரியில் வண்டியை எடுத்து ராணிப்பேட்டை போய்ச் சேர்வதற்குள் அந்த அலுவலகத்திலிருந்து நான்கு முறை கைப்பேசி அடித்துவிட்டது. "அண்ணா, அவுட்லுக்கில் கம்பெனி முகவரிப் புத்தகமே காணவில்லை. பையர் (சரக்கு வாங்குபவர்) பெயர் ஒன்றுகூட வரவில்லை. இன்று மாலைக்குள் ஷிப்மென்ட் காகிதங்களை அனுப்பியாக வேண்டும்." பேசியவர் ஏற்றுமதி ஆவணப் பிரிவில் இருக்கும் பெண். குரலில் அழுகை. நான் கேட்டது ஒரே கேள்வி: "யாராவது கை வைத்தார்களா, அம்மா?"

"பக்கத்துக் கடைத் தம்பி வந்து பார்த்தார். விண்டோஸைப் புதிதாகப் போட்டால் சரியாகிவிடும் என்று சொல்லிப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அப்படியும் வரவில்லை."

எப்படி வரும்? அவுட்லுக் என்பது கடிதங்களைக் காட்டும் மைக்ரோசாஃப்ட் மின்னஞ்சல் மென்பொருள் மட்டுமே. அந்த நிறுவனத்தின் பொது முகவரிப் பட்டியல் எங்கும் போகவில்லை. அது சர்வரில் வைத்தது வைத்தபடி இருந்தது. முந்தைய வாரம் அவருக்குப் புதிய புரொஃபைல் (அவுட்லுக்கில் ஒருவருடைய கணக்கும் அமைப்புகளும் அடங்கிய தொகுப்பு) ஒன்றை உருவாக்கியிருக்கிறார்கள். அதிலும் சரி, விண்டோஸைப் போட்டபின் உருவான புரொஃபைலிலும் சரி, பட்டியலுக்கான இணைப்பு இல்லை. அவ்வளவுதான் கோளாறு. உட்கார்ந்து நான்கு நிமிடத்தில் இணைப்பைக் கொடுத்ததும் 600க்கும் மேற்பட்ட பெயர்கள் வந்து நின்றன. ஆனால் ஃபார்மட் செய்தபோது அழிந்த ஒன்றை என்னால் மீட்க முடியவில்லை. அஞ்சல்பெட்டியில் இடம் போதவில்லை என்று 2017 முதல் 2021 வரையிலான கடிதங்களை ஒரு பிஎஸ்டி கோப்பாக்கி (அவுட்லுக் கடிதங்களையும் தொடர்புகளையும் கணினியிலேயே சேமிக்கும் கோப்பு) தன் கணினியில் ஒதுக்கி வைத்திருந்தார் அந்தப் பெண். வேறெங்கும் நகல் இல்லை. தணிக்கைக்கு வேண்டிய கடிதங்கள் அதில்தான் இருந்தன என்று பிற்பகலில்தான் அவருக்கு நினைவு வந்தது. அதன்பின் அவர் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

அதனால்தான் எழுதுகிறேன். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று இந்தப் பக்கத்து அலுவலகங்களில் பல ஆண்டுகளாகக் கணினி பார்க்கிறேன். முகவரிப் புத்தகம் உண்மையிலேயே அழிந்துபோனதை விரல்விட்டு எண்ணிவிடலாம். காணாமல் போனதாக நினைத்துச் செய்த காரியத்தால் வேறெதுவோ அழிந்ததைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் கழற்றி வைக்க வேண்டும். புதிய கடிதம் எழுதும்போது பெறுநர் கட்டத்தில் இரண்டு எழுத்து அடித்ததும் கீழே வந்து விழுகிற பெயர்கள் முகவரிப் புத்தகம் அல்ல. எத்தனை மேலாளர்களிடம் இதைச் சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. மறுபடியும் சொல்கிறேன்: அல்ல. நீங்கள் இதற்கு முன் யாருக்கெல்லாம் கடிதம் அனுப்பினீர்களோ அவர்களை அவுட்லுக் தானாக நினைவில் வைத்துக்கொண்டு எடுத்துக் காட்டுகிறது. லாங் பஜாரில் மொத்தக் கடை வைத்திருப்பவர் வாடிக்கையாளரைக் கண்டதும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அது அவருடைய ஞாபகம். கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் பேரேடு வேறு. நாளைக்குக் கடையில் வேறொருவர் வந்து உட்கார்ந்தால் பேரேடு இருக்கும், ஞாபகம் இருக்காது.

அந்த நினைவுப் பட்டியலுக்கு எல்லையும் உண்டு: வழக்கமான அமைப்பில் 1000 பெயர்கள். அதற்கு மேல் போனால் நெடுநாள் பயன்படுத்தாதவை உதிரும். அவுட்லுக் 2007 வரை அது என்கே2 என்ற தனிக் கோப்பாகக் கணினியில் இருந்தது. 2010 பதிப்புக்குப் பிறகு அஞ்சல்பெட்டிக்குள்ளேயே மறைவாக வைக்கப்படுகிறது. ஆனாலும் புதிய கணினிக்கோ புதிய புரொஃபைலுக்கோ அது கூடவே வந்துவிடும் என்று நம்பி உட்காராதீர்கள். அமைப்புகளில் உள்ள ஒரே ஒரு பொத்தானை அழுத்தினால் முழுப் பட்டியலும் காலி. பெயருக்குப் பக்கத்தில் வரும் சிறிய பெருக்கல் குறியைக் கை தவறித் தொட்டால் அந்தப் பெயர் போய்விடும். ஒருமுறை தப்பும் தவறுமாக அடித்து அனுப்பிய முகவரியையும் அது பக்தியோடு காப்பாற்றி வைத்துக்கொண்டு அடுத்த முறை உங்களிடமே நீட்டும். இப்படிப்பட்ட ஒன்றை நம்பி ஒரு நிறுவனத்தின் ஏற்றுமதி நடக்கலாமா?

இதே தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வேலையை விட்டுப் போனவர் திரும்பி வந்தார், பழைய பெயரிலேயே புதிய அஞ்சல்பெட்டி கொடுத்தீர்கள், சக ஊழியர்கள் அனுப்பும் கடிதங்கள் மட்டும், பெறுநர் இல்லை என்று பொருள்படும் 5.1.1 என்ற எண்ணோடு திரும்பி வருகின்றன என்றால், சர்வரைக் குடைவதற்கு முன் இந்த நினைவுப் பட்டியலைப் பாருங்கள். உள் அலுவலக ஆட்களை அது மின்னஞ்சல் முகவரியால் நினைவில் வைப்பதில்லை. எக்ஸ்சேஞ்ச் என்ற மைக்ரோசாஃப்ட் அஞ்சல் சர்வரின் உள் அடையாளத்தால் வைத்திருக்கிறது. பெட்டி மாறியதும் அந்த அடையாளம் செத்துவிடுகிறது. பழைய பெயரை அங்கே நீக்கிவிட்டுப் பொதுப் பட்டியலிலிருந்து புதிதாக எடுத்தால் கடிதம் போகும்.

உண்மையான முகவரிப் புத்தகத்தைப் பார்க்கக் கண்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். திறக்கும் சாளரத்தில் எந்தப் பட்டியல் என்று தேர்ந்தெடுக்கும் பெட்டி ஒன்று இருக்கும். நிறுவனத்தில் எல்லோருக்கும் பொதுவான பட்டியல், உங்கள் சொந்தத் தொடர்புகள், பகிர்ந்துகொண்ட தொடர்புகள் என்று அதில் வரிசையாகத் தெரியும். காட்பாடியில் ஓர் அலுவலகத்தில் மூன்று நாள் கலவரமாக இருந்தார்கள். நான் போய் அந்தப் பெட்டியில் பட்டியலை மாற்றியது மட்டும்தான் வேலை. சாளரம் திறந்ததும் சொந்தத் தொடர்புகள் முதலில் வரும்படி யாரோ மாற்றியிருந்தார்கள். அது காலியாக இருந்தது. எல்லாம் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அங்கேயும் இல்லையா? அப்போதும் பதறாதீர்கள். பிரவுசரில் உங்கள் அஞ்சல்பெட்டியைத் திறந்து, தொடர்புகள் பகுதியில் பாருங்கள். அங்கே பெயர்கள் தெரிந்தால் சர்வரில் எல்லாம் நலம். கோளாறு உங்கள் கணினியில் உள்ள அவுட்லுக்கில்தான். இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. இதைச் செய்யாமல் விண்டோஸில் கை வைப்பவர் யாராக இருந்தாலும் அவரை எழுந்து நிற்கச் சொல்லுங்கள்.

கணினியில்தான் கோளாறு என்று தெரிந்த பிறகு பார்க்க வேண்டியவை சில. 'ஃபைல்' பட்டியில் 'அக்கவுண்ட் செட்டிங்ஸ்' திறந்தால் 'அட்ரஸ் புக்ஸ்' என்ற பிரிவு இருக்கும். அதில் 'அவுட்லுக் அட்ரஸ் புக்' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் 'நியூ' என்பதை அழுத்தி, கூடுதல் முகவரிப் புத்தகங்களில் அதைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்து, அவுட்லுக்கை மூடித் திறக்க வேண்டும். மூடித் திறக்காமல் "அண்ணா, சேர்த்தும் வரவில்லை" என்று அழைக்காதீர்கள். பிறகு அந்தத் தொடர்புக் கோப்புறையின் மீது வலது சொடுக்கு, 'பிராப்பர்ட்டீஸ்', அதில் 'அவுட்லுக் அட்ரஸ் புக்' என்ற தாள்; மின்னஞ்சல் முகவரிப் புத்தகமாகக் காட்டு என்ற கட்டத்தில் குறி இருக்க வேண்டும். கட்டம் மங்கலாக, தொட முடியாமல் இருந்தால் முன் சொன்ன வரி சேரவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். பொதுக் கோப்புறையில் உள்ள தொடர்புகள் என்றால் முதலில் அதை 'ஃபேவரிட்ஸ்' பகுதியில் சேர்த்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். ராணிப்பேட்டையில் நான் செய்த நான்கு நிமிட வேலை இதுதான்.

இதெல்லாம் பழைய அவுட்லுக்கின் திரைகள். புதிய அவுட்லுக்குக்கு மாற்றும் பொத்தானை யாராவது தெரியாமல் அழுத்தியிருந்தால் இந்தத் திரைகளே இருக்காது; முதலில் பழையதற்குத் திரும்புங்கள்.

பட்டியல் இருக்கிறது, புதிதாகச் சேர்ந்தவர் பெயர் மட்டும் இல்லை என்றால் அது கோளாறே இல்லை. அவுட்லுக் பொதுப் பட்டியலின் நகல் ஒன்றைக் கணினியில் வைத்துக்கொண்டு, வழக்கமாக 24 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கிறது. சர்வர் அந்த நகலைத் தயாரிக்கவும் நேரம் ஆகும். ஒருநாள், சில வேளை அதற்கு மேலும் பொறுங்கள். அவசரம் என்றால் 'சென்ட் ரிசீவ்' பகுதியில் முகவரிப் புத்தகத்தைத் தரவிறக்கும் கட்டளை இருக்கிறது.

இனி, உண்மையிலேயே அழிந்த கதை. ஆம்பூர்ப் பக்கம் ஒரு காலணி நிறுவனம். பொது அஞ்சல்பெட்டி ஒன்றில் பையர்களின் தொடர்புகள் எல்லாம் இருந்தன. அதைப் பன்னிரண்டு பேர் முழு அதிகாரத்தோடு பயன்படுத்தினார்கள். புதிதாகச் சேர்ந்த பெண், தன் பெட்டியில் யாரோ தேவையில்லாத பெயர்களை நிரப்பி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து நீக்கிவிட்டாள். பொதுப் பெட்டியின் குப்பைக் கோப்புறையைத் திறந்து பார்த்தார்கள், காலி. சேவை நிறுவனத்துக்கு அழைத்தார்கள். அவர்களும் அங்கேயே பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள். ஆனால் இன்னொருவர் பெட்டியில் உள்ளதை நீங்கள் நீக்கினால், வழக்கமான அமைப்பில் அது உங்கள் சொந்தப் பெட்டியின் குப்பைக் கோப்புறைக்குத்தான் வரும். அந்தப் பெண்ணின் கணினியில் உட்கார்ந்தேன். அவளுடைய பழைய கடிதங்களுக்கு நடுவே அத்தனை தொடர்புகளும் இருந்தன. எடுத்துத் திரும்பப் போட்டோம். அவளை யாரும் திட்ட வேண்டாம் என்று முதலாளியிடம் கேட்டுக்கொண்டேன். பன்னிரண்டு பேருக்கும் அழிக்கும் அதிகாரம் கொடுத்தது அவள் அல்ல.

குப்பைக் கோப்புறையையும் காலி செய்துவிட்டார்கள் என்றால், மைக்ரோசாஃப்ட் 365இல் வழக்கமாக 14 நாள் வரை மீட்கலாம். நிர்வாகி அதை 30 நாள் வரை நீட்டித்து வைக்கலாம். அதனால்தான், எதுவும் காணவில்லை என்றால் அன்றைக்கே சொல்லுங்கள் என்று கெஞ்சுகிறேன். ஒரு மாதம் தாங்களாகவே தேடிவிட்டு அழைத்தால் என் கையில் ஒன்றும் இருக்காது.

தோல் பதனிடும் சிறிய டேனரிகளிலும் ஏஜென்ட் அலுவலகங்களிலும் சர்வர் பட்டியலே கிடையாது. யாரோ ஒருவர் மேசையில் இருக்கும் பிஎஸ்டி கோப்பை லேன் (அலுவலக உள் வலையமைப்பு) வழியாக எல்லோரும் திறந்துகொள்வார்கள். இதை மைக்ரோசாஃப்ட் பல ஆண்டுகளாகவே வேண்டாம் என்கிறது. அந்த மேசைக்காரர் ஆறு மணிக்குக் கணினியை அணைத்துவிட்டால் எல்லோருக்கும் புத்தகம் காணாமல் போகும். கோப்பு திறந்திருக்கும்போது மின்சாரம் போனால் கோப்பே சிதையும். தயவுசெய்து இதை நிறுத்துங்கள். பத்துப் பேர் அலுவலகத்துக்கும் ஒழுங்கான பொதுப் பட்டியல் வைத்துக்கொள்ள இன்று வழி இருக்கிறது.

புத்தகம் காணாத அந்த ஓரிரு நாளில்தான் பெரிய ஆபத்து காத்திருக்கிறது. பழைய கடிதங்களைக் கிளறி, கண்ணில் பட்ட முகவரியைப் பிரதி எடுத்து அனுப்புவார்கள். பையரின் முகவரியில் ஒரே ஓர் எழுத்தை மாற்றி, எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று கடிதம் அனுப்பும் மோசடிக்காரர்களுக்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. அவர்கள் அனுப்பிய கடிதமும் அந்தப் பழைய கடிதங்களில்தான் கிடக்கும். எனவே புத்தகம் திரும்பும்வரை பணம், வங்கிக் கணக்கு பற்றிய கடிதங்களை நிறுத்திவையுங்கள். அவசியம் என்றால் முன்பே தெரிந்த தொலைபேசி எண்ணில் பேசி உறுதி செய்யுங்கள், கடிதத்தில் உள்ள எண்ணில் அல்ல. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

அலுவலகத் தலைவர்களுக்கு: பொதுப் பட்டியலைத் திருத்தும் அதிகாரம் இரண்டு பேருக்குப் போதும், மற்றவர்கள் படிக்கட்டும். மாதம் ஒருமுறை தொடர்புகளை சிஎஸ்வி கோப்பாக (எக்ஸெலில் திறக்கக்கூடிய எளிய பட்டியல்) ஏற்றுமதி செய்து, அந்தக் கணினிக்கு வெளியே வையுங்கள். அதை எல்லோருக்கும் இணைப்பாக அனுப்பி வைக்காதீர்கள். அது பிறருடைய தனிப்பட்ட தகவல். அந்த இருவரில் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறை உட்கார்ந்து உள்ளே இருப்பதைச் சரிபார்க்கட்டும். வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது 2019இல். நான் திறக்கும் பட்டியல்களில் ஆம்பூரும் வாலாஜாவும் இன்னும் வேலூர் மாவட்டத்திலேயே இருக்கின்றன. ஆம்பூர்த் தொலைபேசிக்கு 04174 போட வேண்டிய இடத்தில் 0416 இருக்கிறது.

எனக்கோ, உங்களுக்குக் கணினி பார்ப்பவருக்கோ அழைக்கும்போது மூன்று விஷயங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: உங்களுக்கு மட்டும் காணவில்லையா அல்லது எல்லோருக்குமா; பிரவுசரில் தெரிகிறதா; கடைசியாக எந்த நாளில் பார்த்தீர்கள். இவை தெரிந்தால் பாதி நேரம் நான் வரவே தேவையிருக்காது, தொலைபேசியிலேயே முடித்துவிடலாம். நான் வர வேண்டியிருந்தால், வந்து சேரும்வரை அந்தக் கணினியில் எதையும் நீக்காதீர்கள், எதையும் புதிதாகப் போடாதீர்கள்.