டொமஸ்டிகேஷன்: பழக்குதலா, மனைப்படுத்தலா?

தாராபுரத்தில் இருக்கும் என் அக்கா மகள் ஒரு நாள் போனில் கூப்பிட்டாள். பள்ளியில் நாயைப் பற்றித் தமிழில் பேச வேண்டுமாம். எல்லாம் எழுதிவிட்டாள், ஒரு சொல் மட்டும் இடிக்கிறது. "டொமஸ்டிகேஷனுக்குத் தமிழ்ல என்னங் மாமா?" என்றாள். "பழக்குதல்னு போட்டுக்க அம்மணி" என்று உடனே சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு உறுத்த ஆரம்பித்தது. நான் சொன்னது வேறொரு வேலைக்கான சொல். அன்று இரவே திரும்பக் கூப்பிட்டுப் பேசினேன். அவளிடம் சொன்னதையும் அப்புறம் யோசித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் அப்பாரு, அதாவது தாத்தா, சொன்ன கதை. அவர் சிறுவயதில் கொறங்காட்டில் செம்மறி மேய்த்துக்கொண்டிருந்தபோது ஒரு நரிக்குட்டி அகப்பட்டது. எங்கள் பக்கம் காடு என்றால் மரம் அடர்ந்த வனம் இல்லை, மானாவாரி நிலம். கொறங்காடு என்பது கிளுவை வேலி போட்டு, வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லுமாக விட்டுவைத்த மேய்ச்சல் நிலம். நரி அந்த வேலிக்குள்ளேயே வளை வைத்துக் குடியிருக்கும். குட்டியைத் தூக்கிவந்து ஆட்டுப்பால் ஊற்றினார்கள். நாயோடு படுத்தது, கம்மஞ்சோறு தின்றது, அப்பாருவின் காலைச் சுற்றியே திரிந்தது. ஏழெட்டு மாதம் ஆனதும் யார் கை நீட்டினாலும் ஒதுங்கியது. பகலெல்லாம் பதுங்கிக்கொண்டது. கோழிகள் குறைந்தன. ஒரு நாள் போனது திரும்பி வரவில்லை. கதையை முடிக்கும்போது அப்பாரு எப்போதும் இதைத்தான் சொல்வார்: "நல்லாத்தான் பழகுச்சு. ஊட்டுக்கு ஆகுல."

பழகியது, வீட்டுக்கு ஆகவில்லை. நான் அக்கா மகளிடம் சொல்லத் தவறியது இதைத்தான்.

பழகுதல் ஓர் உயிரின் வாழ்நாளுக்குள் நடப்பது. புது ஆளோடு பழகுகிறோம், புது ஊர்த் தண்ணீர் பழகுகிறது, இளங்காளையை வண்டிக்குப் பழக்குகிறோம். பழகியது இறந்துபோனால் பழக்கமும் அதோடு போய்விடும். அதன் குட்டியை முதலிலிருந்து பழக்க வேண்டும். இதற்கு நம் ஊரில் கும்கி யானையை விட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. 2019 பிப்ரவரியில் உடுமலைப் பக்கம் கரும்புத் தோட்டத்தில் சின்னத்தம்பி யானையைப் பிடித்து, டாப்சிலிப் அருகே வரகளியாறு முகாமில் கராலுக்குள் அடைத்தார்கள். கரால் என்பது பெருமரங்களை அடுக்கிக் கட்டிய கூண்டு. அதைப் பிடித்ததும் ஏற்கெனவே பழகிய கும்கிகளை வைத்துத்தான். இந்த வேலை நமக்குப் புதிதே இல்லை. "நனைகவுள் யானையால் யானையாத் தற்று" என்று குறள் ஓர் உவமையாகவே அதைச் சொல்லிவிட்டுப் போகிறது. மதநீரால் கன்னம் நனைந்த யானையைக் கொண்டு இன்னொரு யானையை யாத்தல், அதாவது கட்டுதல். அவ்வளவு நீண்ட பழக்கம் இருந்தும் யானை இன்று வரை காட்டு விலங்குதான். முகாமிலேயே கன்று பிறந்தாலும், சாதுவானதைத் தேர்ந்தெடுத்துத் தலைமுறை தலைமுறையாக இனம் பெருக்கிய வேலையை யாரும் செய்யவில்லை. ஒவ்வொரு யானையையும் புதிதாகத்தான் பழக்குகிறார்கள்.

டொமஸ்டிகேஷன் வேறு. பல தலைமுறைகளில் ஓர் இனத்தின் பிறவிக் குணமே மாறி, அது வீட்டைச் சேர்ந்ததாக ஆவது. அந்தச் சொல்லின் வேர் லத்தீன். டொமஸ் என்றால் வீடு, டொமஸ்டிகஸ் என்றால் வீட்டைச் சேர்ந்தது. ரஷ்ய மொழியிலும் இதற்கான சொல் வீட்டிலிருந்துதான் வருகிறது, தோம் என்றால் வீடு. அடக்கிப் பழக்குவதற்கு லத்தீனில் டொமாரே என்று ஒரு வினை உண்டு. ஆங்கிலத்தின் டேம் அதற்கு உறவு. டொமஸும் டொமாரேயும் ஒலியில் ஒட்டிக்கொண்டிருந்தாலும், மொழியியலாளர்கள் அவற்றை இரண்டு தனி வேர்களாகத்தான் பிரிக்கிறார்கள். ஆக, அங்கேயும் வீடு ஒரு சொல், பழக்குவது ஒரு சொல்.

இந்த இரண்டையும் கண்ணால் பார்க்கும்படி பிரித்துக் காட்டியது சைபீரியாவில் நடந்த நரி ஆய்வு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

திமித்ரி பெல்யாயெவ் ஒரு மரபியலாளர். சோவியத் ஒன்றியத்தில் மரபியலை மறுத்த லைசென்கோவின் செல்வாக்கு ஓங்கியிருந்த காலம் அது, மரபியல் பேசுவதே ஆபத்து. பெல்யாயெவின் அண்ணன் நிகொலாயும் மரபியலாளர்தான், 1937இல் சுட்டுக் கொல்லப்பட்டார். பெல்யாயெவ் 1948இல் தன் பொறுப்பை இழந்தார். அப்படியும் அவர் ஒரு கேள்வியை விடவில்லை. நாய், ஆடு, மாடு, பன்றி, குதிரை எல்லாவற்றிலும் ஏன் ஒரே மாதிரி மாற்றங்கள் தெரிகின்றன? உடம்பில் வெள்ளைத் திட்டு, தொங்கும் காது, சுருண்ட வால் என்று காட்டில் அபூர்வமாக இருப்பவை வீட்டு விலங்குகளில் சாதாரணமாக இருக்கின்றன. மனிதர்கள் இவை ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்திருக்க முடியுமா? குணத்தை மட்டும் தேர்ந்தெடுத்திருந்தால், மற்றவை அதோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்குமா?

1959இல் நோவோசிபிர்ஸ்க் நகரில் ஆய்வு தொடங்கியது. நடத்தியவர் லுட்மிலா ட்ரூட் என்ற இளம் ஆய்வாளர். ரோமத்துக்காக நரி வளர்க்கும் பண்ணைகளிலிருந்து 30 ஆண், 100 பெண் வெள்ளிநரிகளைக் கொண்டுவந்தார்கள். வெள்ளிநரி தனி இனம் இல்லை, செந்நரியின் கருமை நிற வகை. சோதனை எளிமையானது. குட்டிக்கு ஒரு மாதம் ஆனதிலிருந்து மாதம் ஒரு முறை கையால் தீனி நீட்டி, தொட்டுத் தடவிப் பார்ப்பார்கள். கடிக்கிறதா, ஓடுகிறதா, பொறுத்துக்கொள்கிறதா, தானே வருகிறதா என்று குறித்துக்கொள்வார்கள். மிகச் சாதுவானவை மட்டுமே அடுத்த தலைமுறைக்குப் பெற்றோர் ஆகும். அப்படித் தேறியவை நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நரிகளைப் பழக்கக் கூடாது என்பதே விதி. மனிதர்களோடு இருக்கும் நேரத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்தார்கள். பழக்கிவிட்டால், குணம் பிறவியில் வந்ததா பழக்கத்தில் வந்ததா என்று பிரிக்க முடியாதே.

ஆறாவது தலைமுறையில் ஒரு புது வகைப்பாடு தேவைப்பட்டது. மனிதரைப் பார்த்ததும் வாலாட்டி, முனகி, கையை நக்கும் குட்டிகள் பிறந்தன. பத்தாவது தலைமுறையில் நூற்றுக்கு 18 குட்டிகள் அப்படி இருந்தன. எட்டு முதல் பத்தாவது தலைமுறைக்குள் நெற்றியில் வெள்ளைச் சுட்டி, உடம்பில் திட்டு, தொங்கும் காது, சுருண்ட வால் எல்லாம் தலைகாட்டின. 1974இல் புஷிங்கா என்ற பெண் நரியோடு ட்ரூட் ஒரு வீட்டிலேயே குடியிருந்து பார்த்தார். ஓர் இரவு வெளியே ஆள் நடமாட்டம் கேட்டு அது நாயைப் போலக் குரைத்தது.

உடலுக்குள் நடந்த மாற்றமும் பதிவாகியிருக்கிறது. பயத்தோடும் பதற்றத்தோடும் தொடர்புள்ள ஹார்மோன்கள் சாதுவான நரிகளின் வம்ச வழியில் குறைந்தன. சாதாரணப் பண்ணை நரிக்குட்டிக்கு ஆறு வாரத்தில் புதியதைக் கண்டு பயம் வந்துவிடும். சாதுவான நரிகளின் வழியில் அது ஒன்பது வாரம் வரை தள்ளிப்போகிறது. இந்த மூன்று வாரம் பெரிய விஷயம். உலகத்தோடு ஒட்டிக்கொள்ளும் கதவு அவ்வளவு காலம் கூடுதலாகத் திறந்திருக்கிறது.

ஆனால் "காட்டு நரியை நாயாக்கினார்கள்" என்று இதைச் சொல்வது சரியில்லை. அந்த வெள்ளிநரிகளின் முன்னோர் கனடாவின் பிரின்ஸ் எட்வர்டு தீவுப் பண்ணைகளில் 1800களின் கடைசியிலிருந்தே கூண்டில் வளர்க்கப்பட்டவை. 2019இல் சில ஆய்வாளர்கள் இதை எடுத்துக்காட்டி, வெள்ளைத் திட்டு போன்றவை அந்தப் பண்ணை நரிகளிடம் முன்பே இருந்தன என்று எழுதினார்கள். குணத்தோடு சேர்ந்து உருவமும் மாறும் என்ற பகுதி இதனால் கொஞ்சம் ஆட்டம் கண்டது. குணம் தலைமுறை வழியாக மாறியது என்பதில் சந்தேகமில்லை. அடைத்து வளர்த்தல் என்ற மூன்றாவது நிலையும் இதிலிருந்து தெளிவாகிறது. அரை நூற்றாண்டு கூண்டில் இருந்தும் 1959இல் பெரும்பாலான நரிகள் மனிதரைக் கண்டால் சீறின, அல்லது பயந்து ஒடுங்கின. கூண்டு மட்டும் அவற்றை மாற்றிவிடவில்லை.

பெல்யாயெவ் செய்ததைக் கொங்கு நாட்டு மாட்டுக்காரரிடம் சொன்னால் ஒரு நொடியில் புரிந்துகொள்வார். எந்தக் கன்றைப் பொலிகாளையாக விடுவது, எதைக் காயடித்து எருதாக்குவது என்பது இங்கே தலைமுறை தலைமுறையாக எடுத்த முடிவு. சுழி பார்ப்பார்கள், திமில் பார்ப்பார்கள், மயிலையா காரியா செவலையா என்று நிறம் பார்ப்பார்கள். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் அப்படித் தேர்ந்து தேர்ந்து செம்மைப்படுத்தியதுதான் இன்று நாம் பார்க்கும் காங்கயம் மாடு. அந்தக் காங்கயம் காளையைக் கூட வண்டிக்குப் பழக்கத்தான் வேண்டும். இனம் வீட்டுக்கு வந்து எத்தனையோ ஆயிரம் ஆண்டு ஆன பிறகும் பழக்குதல் தனி வேலையாகவே நிற்கிறது.

நரியோடும் நமக்கு உறவு உண்டு. சேலம் மாவட்டம் வாழப்பாடி வட்டாரத்தில் பொங்கல் சமயத்தில் வங்காநரியை வலைவைத்துப் பிடித்து, ஊருக்குள் ஓடவிட்டு, திரும்பக் கொண்டுபோய் விடும் வழக்கம் இருந்தது. நரி முகத்தில் விழித்தால் நல்லது நடக்கும் என்ற நம்பிக்கை. வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம் என்பதால் வனத்துறை இப்போது தடுக்கிறது, தடுப்பது சரியும் கூட. எத்தனை தலைமுறை பிடித்தாலும் நரி நரியாகவே இருந்தது. பிடித்ததை விட்டுவிட்டு அடுத்த வருடம் வேறொன்றைப் பிடித்தால், அங்கே வம்ச வழி என்று ஒன்று உருவாவதில்லை.

சரி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். வீட்டுவிலங்காக்கல் என்று எழுதுகிறார்கள். பொருள் சரி, வாயில் நுழையச் சிரமம். வளர்ப்பு என்றால் கூண்டுக் கிளியும் அதில் வந்துவிடும். கொல்லைப்படுத்தல் என்றும் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊரில் கொல்லைக்குப் போவது என்றால் வேறு பொருள், அந்தச் சொல்லைப் பள்ளி மேடையில் குழந்தையைச் சொல்ல வைக்க மனம் வரவில்லை. பட்டிப்படுத்தல் என்று சொல்லலாமா என்று நானே கொஞ்ச நேரம் ஆசைப்பட்டேன். மாட்டுப் பொங்கல் எங்களுக்குப் பட்டிப்பொங்கல். "பட்டி பெருக, பால் பானை பொங்க" என்று கூவும்போது இனம் பெருகுவதுதான் வேண்டுதல். ஆனால் பட்டிக்குள் ஆடுமாடு அடையும், பூனை அடையாது. அதனால் விட்டுவிட்டேன்.

எனக்குப் பொருத்தமாகப் படுவது மனைப்படுத்தல். மனை என்பது டொமஸுக்கு நேரான சொல், அதுவும் இந்தப் பொருளிலேயே பழகிய சொல். குறுந்தொகையில் "மனை உறை கோழி" வருகிறது, அதே பாட்டில் அந்தக் கோழிக்குப் பகையாக "வேலி வெருகு" வருகிறது. கோழி மனைக்குள், காட்டுப்பூனை வேலியோரம். கோடு அங்கேயே போடப்பட்டிருக்கிறது. இன்னொரு பாட்டில் "மனை உறை குரீஇ" என்று சிட்டுக்குருவியும் வரும். குருவி மனையில் உறைகிறது, ஆனால் அதன் இனப்பெருக்கம் நம் கையில் இல்லை, நம்மைக் கண்டால் பறந்தும் விடும். ஆகவே உறைதல் மட்டும் போதாது, படுதல் வேண்டும்.

இந்தப் 'படு'வுக்காகவே நான் இந்தச் சொல்லை விரும்புகிறேன். வயப்படு, வயப்படுத்து என்பது போல மனைப்படு, மனைப்படுத்து என்று தன்வினையும் பிறவினையும் சேர்ந்தே கிடைக்கின்றன. நாயின் கதைக்கு இது அவசியம். நாய் சாம்பல்நிற ஓநாயின் வழியில் வந்தது. ஜெர்மனியில் பான் நகருக்கு அருகே ஓர் ஆணோடும் பெண்ணோடும் சேர்த்துப் புதைக்கப்பட்ட நாயின் எலும்பு 14,000 ஆண்டுப் பழமையானது. அதற்கு முன் நடந்தது பற்றி இரண்டு கருத்து உண்டு. குட்டிகளை மனிதர் எடுத்து வளர்த்தார்கள் என்பது ஒன்று. பயம் குறைந்த ஓநாய்கள் தாமாகவே மனிதர் போட்ட மிச்சம் மீதியைத் தேடி அருகே வந்து, அப்படி வந்தவையே பிழைத்துப் பெருகின என்பது இன்னொன்று. முதலாவது நடந்திருந்தால் மனைப்படுத்தல், இரண்டாவது என்றால் மனைப்படுதல். சைபீரிய நரி சந்தேகமில்லாமல் மனைப்படுத்தப்பட்டது. பூனை எலியைத் தேடித் தானியக் குதிருக்கு வந்து மனைப்பட்டது. பயிர்களுக்கு இந்தச் சொல் வேண்டியதில்லை, பயிராக்குதல் என்ற நல்ல சொல் இருக்கிறது.

நாயின் உடம்பிலும் மனை பதிந்திருக்கிறது. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணு ஓநாயை விட நாயிடம் பல மடங்கு கூடுதல் நகல்களாக இருப்பதை 2013இல் கண்டறிந்தார்கள். நம் தோட்டத்து நாய் ராகிக்களியும் பழைய சோறும் தின்று காவல் காப்பது அதனால்தான். செந்நாய், நீர்நாய், மரநாய் என்று தமிழ் பலவற்றுக்கும் நாய் என்று பெயர் வைத்திருக்கிறது. சத்தியமங்கலம் காட்டில் திரியும் செந்நாய் நம் நாய்க்கு மூதாதை இல்லை. வேலியில் ஊளையிடும் குள்ளநரிதான் வங்காநரியை விட நாய்க்கு நெருங்கிய உறவு.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அக்கா மகள் ஒரு கேள்வி கேட்டாள். "அப்ப நம்ம தெருவுல சுத்தற நாய்ங் மாமா? அது யாருகிட்டயும் பழகறதே இல்லீங்களே."

நல்ல கேள்வி. கும்கி பழகியது, மனைப்படாதது. தெருநாய் மனைப்பட்டது, பழகாதது. அதற்கு வீடு கிடையாது, யாரும் அதைத் தொட்டதில்லை, கிட்டப் போனால் உறுமும். ஆனால் அதன் குட்டியை ஆறாவது வாரத்தில் தூக்கிவந்து சோறு வைத்தால், கொஞ்ச நாளில் வாசலில் படுத்துக்கொண்டு, வருகிற போகிறவரைப் பார்த்துக் குரைக்கும். அப்பாரு கொண்டுவந்த நரிக்குட்டிக்கும் அதே சோற்றைத்தான் வைத்தார்கள்.