போர்டில் "பலர் கொட்டுகிறார்கள்" என்று எழுதாதீர்கள்

தெருமுனையில் குப்பை சேர்ந்தால் குடியிருப்போர் சங்கம் முதலில் ஒரு போர்டு வைக்கும். "எத்தனை முறை சொல்லியும் பலர் இங்கே குப்பை கொட்டுகிறார்கள். வெட்கமாக இல்லையா?" கோபம் நியாயம்தான். ஆனால் படிப்பவர் மனதில் ஒட்டுவது "பலர் கொட்டுகிறார்கள்" என்பது மட்டும். கையில் பையோடு நிற்பவருக்கு அதுவே அனுமதிச் சீட்டு.

அமெரிக்காவின் அரிசோனாவில், மரங்கள் கல்லாகிக் கிடக்கும் தேசியப் பூங்கா ஒன்று உண்டு. வருகிறவர்கள் துண்டுகளை எடுத்துப் போய்விடுவார்கள். உளவியலாளர் ராபர்ட் சியால்டினியின் குழு, அடையாளமிட்ட துண்டுகளைப் பாதையோரம் போட்டுப் பலகைகளை மாற்றிப் பார்த்தது. "முன்பு வந்த பலர் எடுத்துச் சென்றதால் காடு மாறிவிட்டது" என்ற பலகை இருந்தபோது சுமார் 8 சதவீதம் காணாமல் போனது. "தயவுசெய்து எடுக்காதீர்கள்" என்று மட்டும் இருந்தபோது 2 சதவீதத்துக்கும் குறைவு.

ஆகவே சரியாகச் செய்பவர்களை எண்ணி எழுதுங்கள்: "40 வீட்டில் 31 வீடு குப்பையைப் பிரித்துக் கொடுக்கிறது." எண்ணிக்கை உண்மையாக இருக்க வேண்டும்; பொய் சொன்னால் தெருக்காரர்களுக்குத் தெரிந்துவிடும். 11 வீடுதான் என்றால், "போன மாதம் 6, இந்த மாதம் 11" என்று வளர்ச்சியைச் சொல்லுங்கள். ஊரே சேர்ந்து செய்தால் அது பெருமையாகவும் ஆகும்: சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடி சரணாலயப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அங்கே அது ஊர்ப்பெருமை. அபராதத்துக்குப் பயந்து செய்வதல்ல.

மனம் வந்தாலும் கை வர வேண்டுமே. மக்கும் குப்பைக்கு சிங்க் அடியில் வாளி, மக்காததற்கு பால்கனியில் பை என்று வைத்தால் மூன்றாம் நாளே எல்லாம் ஒரே வாளியில் விழும். ஈரக் கையோடு யார் பால்கனிக்குப் போவார்கள்? இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். "இனிமேல் பிரிப்பேன்" என்ற பொதுவான உறுதி நிற்காது. ஏற்கெனவே உள்ள ஒரு வேலையோடு முடிச்சுப் போடுங்கள். உதாரணமாக, பால் பாக்கெட்டின் மூலையைத் தனியாக வெட்டி எறியாமல் பாதி வெட்டித் தொங்க விடுங்கள். அந்தச் சிறு துணுக்கை யாராலும் பொறுக்கி மறுசுழற்சிக்கு அனுப்ப முடியாது. பாலை ஊற்றியதும் பாக்கெட்டை அலசி, ஜன்னல் கம்பியில் கிளிப் போட்டு மாட்டுங்கள். காய்ந்ததும் பைக்குள்.

இதையெல்லாம் ஒரே நாளில் குலைப்பது குப்பை வண்டிதான். பிரித்துக் கொடுத்ததைக் கண்ணெதிரே ஒன்றாகக் கொட்டினால் "நாம செஞ்சு என்ன ஆகப்போகுது?" என்று வீடு வீடாகக் கைவிடுவார்கள். அதனால் போர்டுக்கு முன்பே வண்டிக்காரரிடம் பேசி, இரண்டுக்கும் தனித்தனி இடம் உண்டா என்று பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் போர்டு வைப்பதை அதுவரை தள்ளிப் போடலாம்.