வகுப்பறைக்கு வந்த ‘பெக்கி’

கிறிஸ்தவ சபைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைக்கு வகுப்பில் வைத்த பட்டம் ‘பெக்கி’. முந்தியும் இதே பட்டத்தோடு ஒரு பிள்ளை என் கிளினிக்குக்கு வந்தது. இப்போது வந்திருக்கிற பிள்ளை ரியூசனுக்கே போகமாட்டன் என்று நிற்கிறது. இனியும் எழுதாமல் இருக்க ஏலாது.

2018இல் வந்த ‘ஃபார் க்ரை 5’ கேமில் இருந்து எடுத்த பெயர் இது. அமெரிக்காவின் மொன்டானாவில் ஒரு கற்பனை ஊரை ஜோசப் சீட் என்ற போதகரின் கூட்டம் பிடித்து வைத்திருக்கிறது. அந்தக் கூட்டத்தாருக்கு ஊர்ச்சனம் வைத்த நக்கல் பெயர்தான் பெக்கி. ஐரோப்பாவில் 18 வயதானவர்களுக்கு என்று முத்திரை குத்திய கேம். எங்கட பெடியள் ஓ.எல்லுக்கு முதலே முடித்துவிடுகிறார்கள்.

“மிஸ், உதை விளையாடி உவனும் மதவெறியனாப் போயிடுவானோ?” கிளினிக்கில் நான் அதிகம் கேட்கிற கேள்வி. மாட்டான் அம்மா. அந்தக் கேமில் உங்கட மகன் பொலிஸ்காரன். கூட்டத்தைச் சுடுகிற பக்கம் நிற்கிறான், கூட்டத்தில் சேர்கிற பக்கம் இல்லை. கேமைப் பறித்து அலுமாரிக்குள் பூட்டினாலும் இதுதான் பதில். கேம் அவனைப் பக்தன் ஆக்காது. பக்தன் என்றால் யார் என்று பிழையாகச் சொல்லிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

கேமில் ஜோசப் சீட்டுக்கு நீண்ட பிரசங்கம் உண்டு, குடும்பக் கதை உண்டு. பின்னால் போகிறவனுக்குப் பெயர்கூட இல்லை. ‘பிளிஸ்’ என்ற போதைமருந்து அவனைப் புத்தி கெட்ட ‘ஏஞ்சல்’ ஆக்கிவிடுகிறது. ‘ரெசிடென்ட் ஈவில் 4’ (2005) என்ற கேமில் ஊர்ச்சனத்தின் உடம்புக்குள் ஒட்டுண்ணி. மூளை அவனுடையது இல்லை என்றால் சுடுவதற்கு யோசிக்கத் தேவையில்லைத்தானே. ‘பயோஷாக் இன்ஃபினிட்’ (2013) கொஞ்சம் பரவாயில்லை: பண்டிகைக் கூட்டத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிற சாதாரணச் சனம், கறுப்பினப் பெண்ணும் வெள்ளையின ஆணுமான ஒரு சோடியைக் கட்டிவைத்துப் பந்தெறியக் காத்திருக்கிறது. நான் கண்டதற்குக் கிட்ட வருகிறது அந்த ஒரு காட்சிதான்.

இப்படியான கூட்டங்களுக்குள் போனவர்களில் நான் கண்ட ஆட்கள் செத்தவீட்டுக்குப் பிறகோ, கடனுக்குள்ளோ, தனிமையிலோ இருந்தவர்கள். தேடி வந்து அன்பாகக் கதைத்த முதல் ஆளுக்குப் பின்னால் போனவர்கள். எல்லா மதத்திலும்தான். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலைச் செய்தவர்களுக்குள் படித்த, வசதியான வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஞாயிறு சபைக்குப் போவது இதில் எதுவும் இல்லை. ஒரு பெயரை ஒட்டினால் முகம் மறைந்துவிடும் என்று, 1990 ஒக்ரோபரில் வடக்கில் இருந்து முஸ்லிம் அயலவர்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டதைப் பார்த்துக்கொண்டிருந்த ஊருக்கு நான் விளங்கப்படுத்த வேணுமா?

ஆசிரியர்மாரே, ‘பகிடிதானே’ என்று விடாதேயுங்கோ. பெற்றோரே, பக்கத்தில் இருந்து பாருங்கள். ‘உவையள் ஏன் இதுக்குள்ள சேர்ந்தவை?’ என்று கேளுங்கள். கேமின் தொடக்கத்தில் போதகர் சீட்டுக்கு விலங்கு போடாமல் சும்மா நின்றால், பொலிஸ்காரர் திரும்பிப் போக, கேம் அதோடு முடியும். அதையும் ஒருக்கா அவனைச் செய்துபார்க்கச் சொல்லுங்கள்.

பட்டம் வாங்கின பிள்ளையைச் சபையால் மறிக்கட்டோ என்று என்னிடம் கேட்க வேண்டாம். பட்டம் வைத்த பெடியனை ஒருத்தராவது கூட்டிக்கொண்டு வாருங்கள். செவ்வாய் பின்னேரம் நேரம் இருக்கிறது.