மன்னிக்கச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள்

மூக்கையூர், பாம்பன், தங்கச்சிமடம் என்று ராமநாதபுரம் கடற்கரையில் கத்தோலிக்கர்கள் வாழும் ஊர்களில் கோயில்தான் எல்லாவற்றுக்கும் நடு. கல்யாணம், புதுநன்மை (பிள்ளை முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் சடங்கு), திருவிழா வரி, கல்லறையில் இடம் என்று எதற்கும் அங்கேதான் போக வேண்டும். "ஃபாதர் என்கிட்ட தப்பா நடந்தாரு" என்று ஒரு பிள்ளை வாயைத் திறந்தால், ஊரையே பகைத்துக்கொண்டதாக ஆகிவிடுகிறது. அந்தப் பயத்தில்தான் பல வீடுகளில் விஷயம் அமுங்கிப்போகிறது.

மனநல ஆலோசனை சொல்லும் ஆற்றுப்படுத்துநராக நான் பார்க்கும் பலர், நடந்து வெகு வருடங்கள் கழித்தே வருகிறார்கள். தங்கள் பிள்ளையைப் புதுநன்மை வகுப்புக்கு அனுப்பும் வயதில் பழையதெல்லாம் மேலே வந்துவிடுகிறது. சாம்பிராணி வாசனை பட்டாலே நெஞ்சு படபடக்கிறது, கை வியர்க்கிறது. அதை விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆபத்தை உடம்பு மறக்கவில்லை, அவ்வளவுதான்.

அவர்களை மறுபடி நோகடிக்கும் பேச்சு பெரும்பாலும் சொந்த வீட்டிலிருந்தே வருகிறது: "இயேசுவே மன்னிச்சாரு, நீயும் மன்னிச்சுட்டுப் போ." அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் ஒப்புரவு அருட்சாதனத்தில் மனம் வருந்துவதும், பாவத்தைச் சொல்வதும், பரிகாரம் செய்வதும் யார் வேலை? தப்பு செய்தவருடையது. அவர் எதையும் செய்யாதபோது, காயப்பட்டவளிடம் போய் மன்னிப்பைக் கேட்டு வாங்குவது அநியாயம். மன்னிப்பதா, எப்போது, மன்னிக்காமலே நிம்மதியாக வாழ்வதா என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும்.

பிள்ளை சொன்னால் முதலில் "நீ சொல்றத நம்புறேன், உன் மேல தப்பில்ல" என்று சொல்லுங்கள். "ஏன் இவ்வளவு நாள் சொல்லல?" என்று கேட்காதீர்கள். ஆளாளுக்குக் கூப்பிட்டு விசாரிக்கவும் விடாதீர்கள். ஊர்க்கூட்டத்தில் பணம் பேசி முடிப்பதும், ஃபாதரை வேறு பங்குக்கு, அதாவது வேறு ஊர்க் கோயிலுக்கு, மாற்றுவதும் தீர்வே இல்லை. அங்கேயும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம். மத நிறுவனத்தில் பொறுப்பில் இருப்பவரோ வேலை செய்பவரோ செய்திருந்தால் சட்டம் அதை இன்னும் கடுமையாகப் பார்க்கிறது. பிள்ளை ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதில்லை. போலீசார் சீருடை இல்லாமல் வீட்டுக்கே வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும். பெயரும் வெளியே வரக்கூடாது.

திருச்சபைச் சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. போப் பிரான்சிஸ் 2019-இல் கொண்டுவந்த விதிகளின்படி, புகார் கொடுத்தவரை வாயை மூடச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. பாதிக்கப்பட்டவருக்கு மருத்துவ, மனநல உதவி தர வேண்டும். ஒன்று கவனியுங்கள்: பாவசங்கீர்த்தனத்தில், அதாவது அந்த ஒப்புரவு அருட்சாதனத்தில், சொன்னது புகாராகாது, அதைக் கேட்ட குரு வெளியே சொல்ல முடியாது. அதனால் பாவசங்கீர்த்தனத்துக்கு வெளியில் ஒருவரிடம் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும்.

குணமாவதற்கு நாளாகும். சிலர் பூசையில் கடைசி வரிசையில், வாசல் பக்கம் உட்காருகிறார்கள். சிலர் வருடக்கணக்கில் கோயிலுக்கே போவதில்லை. இரண்டும் சரிதான், இழுத்துக்கொண்டு போகாதீர்கள். பங்கு உண்மையாகவே ஒப்புரவை விரும்பினால், அந்தக் குடும்பத்தை ஒதுக்காமல் இருக்கட்டும். நடந்தது தப்பு என்று பொறுப்பில் இருப்பவர்கள் நேரில் வந்து ஒப்புக்கொள்ளட்டும், சிகிச்சைச் செலவையும் ஏற்கட்டும்.

ஊரில் யாரிடமும் பேச முடியாதவர்கள், பிள்ளைகளுக்கு 1098, மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண்களில் இரவிலும் அழைக்கலாம்.