ஜிப்பைத் திறக்க முடியாத விரல்கள்

டிசம்பர் மாதம் ஒரு ராத்திரி, இமாசலத்தில் தரம்சாலா பக்கம் நான் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கு நம் ஊர்ப் பையன் ஒருவனைத் தூக்கிவந்தார்கள். 26 வயது. திரியுண்ட் என்ற மலைமேட்டில் ஏறிவிட்டு இருட்டுவதற்குள் இறங்கிவிடலாம் என்று தனியாகக் கிளம்பியவன். பையைத் திறந்த நர்ஸ் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். உள்ளே அருமையான ஜாக்கெட், சுருட்டிவைத்தபடியே கலையாமல் கிடந்தது. உடம்பிலோ வியர்வையில் ஊறிய பருத்தி டி-ஷர்ட்.

மறுநாள் கேட்டேன், ஏன் போட்டுக்கொள்ளவில்லை என்று. "முதல்ல குளிரலை சார். அப்புறம் ஜிப்பைப் பிடிக்க விரல் வரலை. அதுக்கப்புறம் ஜாக்கெட் இருக்கிறதே ஞாபகமில்லை."

குளிர் ஆளை வீழ்த்துவது இதே வரிசையில்தான். நமக்குக் குளிர் என்றால் மார்கழிப் பனிதான் தெரியும். திரியுண்ட் சுமார் 2,850 மீட்டர் உயரம். கோடையில் குழந்தைகளோடு ஏறுகிற வழி, அதனால் யாரும் பயப்படுவதில்லை. டிசம்பரில் ஐந்தரைக்குள் சூரியன் மறைந்துவிடும். பகலில் இளகிய பனி வளைவுகளில் கண்ணாடியாய் இறுகிவிடும்.

ஏறும்போது வியர்க்கும். நின்றதும் அந்த ஈரம் சூட்டை உறிஞ்சும். உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் ஹைப்போதெர்மியா. நடுக்கம், பிறகு நாக்கு குழறும், கால் இடறும். இன்னும் இறங்கினால் நடுக்கமே நின்றுபோகும். உடம்பு எரிகிறது என்று சட்டையைக் கழற்றி எறிந்தவர்களும் உண்டு. கூட ஒருவன் இருந்தால், "ஏன்டா குழறுற?" என்று கேட்பான். தனியாகப் போனவன் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டும், ஆனால் மூளைதான் அதற்குள் மந்தமாகியிருக்கும்.

ஆகவே முடிவுகளை அறையிலேயே எடுத்துவிடுங்கள். மதியம் ஒரு மணி ஆனால், எங்கே நின்றாலும் திரும்புவது. உட்காரும்போதெல்லாம், குளிர்ந்தாலும் குளிராவிட்டாலும் ஜாக்கெட். எத்தனை மணிக்குள் வராவிட்டால் 112-ஐ அழைக்க வேண்டும் என்று விடுதிக்காரரிடம் சொல்லிவிடுங்கள். போன் சட்டைக்குள் இருக்கட்டும், குளிரில் சார்ஜ் சட்டென்று இறங்கும். பனிப்பொழிவு எச்சரிக்கை என்று நிர்வாகம் தடை போட்டிருந்தால் போகவே போகாதீர்கள்.

அவனைப் பிழைக்கவைத்தது நாங்களல்ல, வழியில் டீக்கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர். ஈரச் சட்டையை உருவிவிட்டு, இரண்டு கம்பளியில் சுற்றி, விழுங்க முடிகிறதா என்று பார்த்துச் சர்க்கரை தூக்கலான டீ கொடுத்திருக்கிறார். ரம் ஊற்றலாம் என்றவர்களை அதட்டினாராம். சரியான காரியம்: மது தோலின் ரத்தக்குழாய்களை விரித்து, மிச்சமிருக்கும் சூட்டையும் வெளியே விட்டுவிடும். கைகாலைப் பரபரவென்று தேய்ப்பதும் கூடாது. குளிர்ந்த இதயம் முரட்டுத்தனத்தைத் தாங்காது.

இன்னொன்று, பாதரசத் தெர்மாமீட்டரில் அளவுகோலே 35-இல்தான் தொடங்கும். அதைப் பார்த்து நிம்மதியடைந்துவிடாதீர்கள். குறைந்த வெப்பத்தை அளக்கும் கருவியில் இவனுக்கு 32.6.

வீட்டுக்குப் போகும் நாளில் ஜாக்கெட் ஜிப்பின் முனையில் ஒரு கயிற்றுத் துண்டைக் கட்டிக்கொண்டிருந்தான். விரல் மரத்தாலும் பல்லால் கடித்து இழுக்கலாமாம். டீக்கடைப் பெரியவர் சொல்லிக்கொடுத்தது.