ஓய்வு செப்டம்பரில் தொடங்கக் கூடாது

அமெரிக்க பேஸ்பாலில் பிளேஆஃப் இடங்களுக்காக அணிகள் முட்டிமோதும் செப்டம்பர் மாதத்தில் ஒரு சண்டை தவறாமல் எழும். களத்தில் அணியை நடத்தும் மேலாளர் தன் நட்சத்திர வீரரை ஓர் ஆட்டத்துக்கு உட்காரவைப்பார், ரசிகர்கள் கொதித்துப்போவார்கள். தோள், முழங்கைக் காயங்களுக்குச் சிகிச்சை அளிக்கும் இயன்முறை மருத்துவராக, இதில் நான் மேலாளர் பக்கம்தான். ஏறக்குறைய ஆறு மாதங்களில் 162 ஆட்டங்கள் என்பது உடலுக்குப் பெரும் சுமை. ஆனால், அந்த ஓய்வை ஏன் செப்டம்பர் வரை தள்ளிப்போட்டார்கள் என்ற கேள்வி எனக்கு உண்டு.

வாஷிங்டன் நேஷனல்ஸ் அணியின் பிட்சர் (பந்துவீச்சாளர்) ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் 2010இல் முழங்கையில் டாமி ஜான் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். எலும்புகளைப் பிணைக்கும் தசைநார் கிழிந்தால், அதற்குப் பதிலாக உடலின் வேறோர் இடத்திலிருந்து எடுத்த நாணை (தசையை எலும்போடு இணைக்கும் பகுதியை) பொருத்தும் சிகிச்சை அது. 2012 செப்டம்பரில், அணி தன் பிரிவில் முதலிடத்தில் இருந்தபோது, அந்தப் பருவத்தில் 159 இன்னிங்ஸைத் (ஓர் ஆட்டத்துக்கு வழக்கமாக ஒன்பது) தாண்டியிருந்த அவரை, முழங்கையைக் காக்க வைத்த வரம்பின்படி, வீரர்களைத் தேர்ந்து அணியைக் கட்டமைக்கும் பொது மேலாளர் மைக் ரிஸ்ஸோ மீதிப் பருவத்துக்கு நிறுத்திவிட்டார். அவர் இல்லாமல் பிளேஆஃபுக்குப் போன அணி, முதல் தொடரிலேயே செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸிடம் தோற்றது. வரம்பு விதித்தது சரி. அதே இன்னிங்ஸை, பிளேஆஃப் நடக்கும் அக்டோபர் வரை பரப்பியிருக்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் அவ்வப்போது அவர் வீச வேண்டிய முறையில் வேறொருவரை இறக்கியிருந்தால் யாரும் பெரிதாகப் பேசியிருக்க மாட்டார்கள்.

பந்தை எறியும்போது முழங்கையின் உட்புறத் தசைநார்மீது விழும் இழுவிசையை முன்கைத் தசைகள் பங்குபோட்டுக்கொள்கின்றன. அவை களைத்தால் நார்மீது விழும் சுமை கூடும். களைத்த தசை சில நாட்களில் தேறிவிடும். நார் அப்படித் தேறுவதில்லை.

இதை வீரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. கோப்பையைத் தீர்மானிக்கும் இறுதித் தொடரான உலகத் தொடரில், 2015இல், ஐந்தாவது ஆட்டத்தில் நியூயார்க் மெட்ஸ் பிட்சர் மேட் ஹார்வி எட்டு இன்னிங்ஸ் ஓட்டமே விடாமல் வீசியிருந்தார். மேலாளர் டெர்ரி காலின்ஸ் அவரை நிறுத்த முடிவு செய்தும், ஹார்வி மல்லுக்கட்டி ஒன்பதாவது இன்னிங்ஸுக்குப் போனார். அதில் கன்சாஸ் சிட்டி ராயல்ஸ் சமன் செய்து, 12ஆவது இன்னிங்ஸில் வென்று கோப்பையையும் எடுத்துச்சென்றது. ஹார்வியைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. முக்கிய ஆட்டம் நெருங்கும்போது வலிக்கிறதா என்று கேட்டால், என்னிடம் வரும் இளைஞர்களும் இல்லை என்றுதான் சொல்கிறார்கள். அதனால் நான் தோள் எவ்வளவு சுழல்கிறது, கைப்பிடி எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்று வாரந்தோறும் அளந்து, முந்தைய வாரத்தோடு ஒப்பிடுகிறேன்.

இரவு ஆட்டத்துக்கு மறுநாள் பகலில் ஆட்டம் இருந்தால் மாற்று கேட்சரை (பிட்சர் வீசும் பந்தைப் பிடிப்பவரை) இறக்குவது அங்கே நெடுநாள் வழக்கம். அது தண்டனையும் இல்லை, சலுகையும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். பிட்சருக்கான ஓய்வையும் இப்படிப் பருவம் தொடங்கும்போதே அட்டவணையில் எழுதிவிட வேண்டும். நடுவில் பந்தின் வேகம் குறைந்தாலோ, பந்தை விடும்போது கை வழக்கத்தைவிடத் தாழ்ந்து வந்தாலோ, மறுநாளும் முழங்கையின் உட்புறம் வலித்தாலோ, அட்டவணையில் குறித்த நாளுக்குக் காத்திராமல் அன்றே நிறுத்துங்கள்.