சுறாக் கூண்டும் யானை வேலியும்

வன்னியில் வயலைச் சுற்றி இழுத்திருக்கும் யானை மின்வேலியை நினைத்துக்கொள்ளுங்கள். நாலு டன் யானைக்கு அந்தக் கம்பி வெறும் நூல். தள்ளினால் தூணோடு சாயும். ஆனாலும் பெரும்பாலும் தள்ளாது. தும்பிக்கையில் ஒருமுறை சுண்டிய நினைவே போதும். பெருவெண்சுறாவைப் பார்க்க மனிதர் இறங்கும் இரும்புக் கூண்டும் ஏறக்குறைய அதே சங்கதிதான். ஒரு டன்னைத் தாண்டும் மீன் முழு வேகத்தில் மோதினால் கம்பி வளையும். அந்தக் கூண்டின் முதல் வேலை சுறாவை மறிப்பதல்ல, உள்ளே நிற்பவரின் கையையும் காலையும் உள்ளேயே வைத்திருப்பது.

இதற்கு முல்லைத்தீவுக் கடல் உதவாது. வெண்சுறா பெரும்பாலும் 12 முதல் 24 பாகை செல்சியஸ் நீரில் திரிவது. நமது மேல்நீர் 28 பாகை அளவில் கிடக்கும். தென் அவுஸ்திரேலியாவின் நெப்டியூன் தீவுகளும் தென்னாபிரிக்காவின் கான்ஸ்பாயும்தான் பேர்போன இடங்கள். கான்ஸ்பாயில் 2017 தொடக்கம் ஓர்காக்கள் (கொலைத் திமிங்கிலங்கள்) வெண்சுறாக்களைக் கொன்று ஈரலை மட்டும் தின்னத் தொடங்கின. மிஞ்சியவை அந்தப் பக்கமே வராமல் விட்டன. கூண்டு யோசனையை வளர்த்தவர்களில் ஒருவர் ரொட்னி பொக்ஸ். 1963 டிசெம்பரில், மீன் குத்தும் போட்டியொன்றில் வெண்சுறாவிடம் கடிபட்டுப் பிழைத்த அவுஸ்திரேலியர்.

சுறாவை வரவழைப்பது வாசம். படகை நங்கூரத்தில் நிறுத்தி, சாளையையும் சூரைத் தலையையும் நசித்து, மீனெண்ணெயும் கடல்நீரும் கலந்து, அகப்பை அகப்பையாகப் பின்பக்கம் ஊற்றுவார்கள். நீரோட்டத்தோடு அது நாடாபோல நீளும். சுறா அந்த நாடாவைக் குறுக்கே வெட்டிக் கடக்கும்போது திரும்பி, எதிர்நீரில் ஏறி வரும். அவசரத்தில் வாளியைக் கவிழ்த்தால் நாடா துண்டுபட்டு, சுறா பாதிவழியில் தடத்தைத் தவறவிடும். காற்று ஒருபக்கம் தள்ள நீரோட்டம் மறுபக்கம் இழுத்தாலும் இதே கதைதான். கூடவே கூண்டு படகில் இடிபடும். சோளகக் காற்றில் நங்கூரம் போட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. (நெப்டியூன் தீவுகளில் இரையே ஊற்றாமல், நீருக்குள் பாட்டுப் போட்டுச் சுறாவைக் கூப்பிடுபவர்களும் உண்டு. தாழ்ந்த அதிர்வுகள் அதற்கு நன்றாகக் கேட்கும்.)

கிட்ட வந்த பிறகு வேறொரு புலன் வேலைசெய்யத் தொடங்கும். வறைக்கு வாங்கிய சுறாவின் தலையை அரிந்தவர்கள் கண்டிருப்பார்கள்: மூக்கைச் சுற்றி ஊசியால் குத்தியதுபோலத் துளைகள். விரலால் அமத்தினால் தெளிந்த கூழ் பிதுங்கும். அவை மின்சாரத்தை உணரும் குழாய்கள். ஒரு சென்ரிமீற்றர் தூரத்துக்கு ஒரு வோல்ற்றின் நூறு கோடியில் 5 பங்கு வேறுபாட்டைக்கூடச் சில சுறா இனங்கள் அறியும். இரைமீனின் தசை துடிப்பதே அதற்கு விளக்குப் போட்டதுபோல.

இனி அவுட்போட் இஞ்சினின் காலில் பூட்டும் துத்தநாகக் கட்டியைப் பாருங்கள். அது கரைவது, உப்புநீரில் இரண்டு உலோகங்கள் சேரும்போது மெல்லிய மின்னோட்டம் பிறப்பதால். துத்தநாகம் பூசிய இரும்புக் கூண்டும் அப்படியே, கீறுபட்டு இரும்பு தெரியும் இடங்களில் இன்னும் கூடுதலாக. வெண்சுறா கடிக்கும் கணத்தில் கண்ணைப் பின்னால் உருட்டிவிடும். கடைசி ஓரிரு அடி கிட்டத்தட்டக் குருடு. அந்த நேரத்தில் இரையைவிடக் கம்பி பலமாக ‘மின்னினால்’ கம்பியைக் கடிக்கும். கூண்டைக் கடிக்கும் சுறாப் படங்களில் தெரிவது பெரும்பாலும் வெறியல்ல, இந்தத் தடுமாற்றம்தான்.

உள்ளே நிற்பவரின் தொல்லை வேறு. குளிருக்காகப் போடும் 7 மில்லிமீற்றர் ரப்பர் உடை ஆளைத் தக்கைபோல மேலே தூக்கும். ஆகவே இடுப்பில் பத்துக் கிலோவுக்கு மேலும் ஈயம் கட்டுவார்கள். ஈயம் குறைந்தால் கால் கிளம்பும், அலை ஆட்டும்போது விரல்கள் தானாகக் கம்பிக்கு வெளியே போய்ப் பிடிக்கும். உட்புறமாகத் தனிப் பிடிகம்பி வைப்பது அதனால்தான்.

உண்மையான ஆபத்து கயிற்றில் இருக்கிறது. கயிற்றில் கட்டிய சூரைத் துண்டைச் சுறா வாய் திறக்குமுன் பக்கவாட்டில் இழுத்துவிட வேண்டும். கூண்டை நோக்கி இழுத்தால், கண் உருண்ட சுறா நேரே கம்பிக்குள் மூக்கைச் செருகும். சுறாவுக்குப் பின்னோக்கி நீந்த வராது. சிக்கினால் வாலை அடித்து முன்னுக்கே தள்ளும். மெக்சிக்கோவின் குவாதலூப்பே தீவில் 2016 ஒக்ரோபரில் அப்படித்தான் ஒரு சுறா கூண்டுக்குள்ளேயே புகுந்தது. மேல்மூடியைத் திறந்துவிட்டதும் அது மேலால் வெளியேறியது. உள்ளே இருந்தவர் கீழே ஒதுங்கித் தப்பி, காயமில்லாமல் ஏறி வந்தார். அதே தீவில் பின்னர் இன்னொரு சுறா கம்பிகளுக்கிடையே தலை சிக்கி, செவுள் கிழிந்து இறந்தது. 2023 ஜனவரியில் மெக்சிக்கோ அரசு அங்கே வெண்சுறாச் சுற்றுலாவை அடியோடு தடைசெய்தது.